செய்வதற்கு ஒன்றுமில்லையா?

“இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டிற்கு அழைத்துச் சென்று, கேட்டதைக் கொடுத்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

முற்றிய புற்றுநோயால் வாடும் ஒருவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பி வைக்கும்போது, அவருடைய குடும்பத்தாரிடம் பல இடங்களிலும் சொல்லப்படும் சொற்கள் இவை. சொல்பவர் கல்நெஞ்சர் அல்லர். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றும் தம் எல்லையைத் தொட்டுவிட்டன என்பதைத்தான் அவர் தெரிவிக்கிறார். ஆயினும் அச்சொற்களில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. நோயைக் குணப்படுத்தச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையாக இருக்கலாம். நோயாளிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது ஒருபோதும் உண்மையாகாது. நோய் வேறு, நோயாளி வேறு. இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

“பள்ளி மாணவியருக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு?” என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். நோய் எந்த வீட்டிற்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், பணிவிடைப் பொறுப்பு யார் மீது விழுகிறது? தாய்மீது, தாயே நோயாளியானால் மூத்த மகள்மீது. எனவே இதைப்பற்றி முதலில் அறிந்துகொள்ள வேண்டியவர்கள் பெண் பிள்ளைகளே என்று துணிந்து கூறலாம்.

ஆதரவுச் சிகிச்சை என்பது யாது?

குணப்படுத்த முடியாத நோயால் துன்புறுவோரின் வலியையும் பிற தொல்லைகளையும் தணித்து, அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் துணைநிற்கும் மருத்துவத் துறை ஒன்று உண்டு. ‘பாலியேட்டிவ் கேர்’ என்று மருத்துவர்கள் அதனைக் குறிப்பிடுவர். நாம் அதனை ஆதரவுச் சிகிச்சை என்று அழைப்போம். அது உயிரை விரைவில் போக்குவதற்கான வழி அன்று. போகின்ற உயிரைக் குழாய்களாலும் பொறிகளாலும் இழுத்துப் பிடித்து வைப்பதும் அன்று. இருக்கும் நாட்களை மனிதர் மனிதராக வாழ்ந்து முடிக்க உதவுவதே அதன் பணி.

‘கை கழுவிவிட்டார்கள், அதனால்தான் இந்தச் சிகிச்சை’ என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, நோய் கண்டறியப்பட்ட சில வாரங்களிலிருந்தே, வழக்கமான மருத்துவத்தோடு ஆதரவுச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினர் மனச்சோர்வு குறைந்து காணப்பட்டனர். அத்துடன் சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கூடுதலாக வாழவும் செய்தனர். எனவே, எல்லாம் முடிந்த பிறகு தட்ட வேண்டிய கதவு அன்று இது. தொடக்கத்திலேயே தட்ட வேண்டிய கதவு.

ஆயினும் இது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இச்சிகிச்சை தேவைப்படுகிறது என்றும், தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிட்டுகிறது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதாவது ஏழு பேரில் ஆறு பேர் வலியோடு விடப்படுகிறார்கள்.

வழிகாட்டிய பெண்மணிகள்

இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால் பெண்களின் பெயர்களே முன்வரிசையில் நிற்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்னின் மகள் ரோஸ் ஹாதார்ன். செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவர். அந்நாளில் புற்றுநோய் ஒட்டுவாரொட்டி என்று பலர் அஞ்சினர். ஏழை நோயாளிகள் தீவு ஒன்றிலிருந்த ஆதரவற்றோர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். இதனைக் கண்ட ரோஸ், மூன்று மாதம் செவிலியர் பயிற்சி பெற்று, 1896-இல் நியூயார்க்கின் ஏழைகள் பகுதியில் வாடகை வீடு எடுத்து, அந்நோயாளிகளின் புண்களைத் தம் கையாலேயே கழுவிக் கட்டினார். 1900-இல் அவர் தொடங்கிய துறவியர் சபை இன்றும் குணமாக்க முடியாத புற்றுநோயாளிகளைப் பேணி வருகிறது. அவர்களிடமோ அவர்களின் குடும்பத்தாரிடமோ சபை ஒரு காசும் பெறுவதில்லை.

அயர்லாந்தில் தோன்றிய அறப்பணிச் சகோதரிகள் சபையினர் 1879-இல் டப்ளின் நகரிலும், 1905-இல் லண்டன் மாநகரின் ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியிலும் மரணத்தை நெருங்கிய நோயாளர்க்கென இல்லங்களை நிறுவினர். லண்டனிலிருந்த புனித சூசையப்பர் இல்லத்திற்கு 1958-இல் ஒரு பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர்தாம் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். நோயாளிகளின் வலியைப் போக்க வேண்டும் என்பதற்காகவே முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் பயின்றவர்.

அவருடைய வாழ்வைத் திருப்பியவர் டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதி. நாற்பது வயதில், உற்றார் எவருமின்றி, லண்டன் மருத்துவமனை ஒன்றில் 1948-இல் புற்றுநோயால் இறந்தவர். தம்மோடு அமர்ந்து பேசிய சிசிலியிடம், அவர் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு சன்னலாகத் தாம் இருக்க வேண்டும் என்று கூறி 500 பவுண்டை விட்டுச் சென்றார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1967-இல், புனித கிறிஸ்டோபர் இல்லம் லண்டனில் திறக்கப்பட்டது. நவீன ஆதரவுச் சிகிச்சையின் பிறப்பிடம் அதுவே. 2005-இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரும் புற்றுநோயால் அதே இல்லத்தில்தான் இறந்தார்.

அம்மையார் கற்பித்த பாடம் ஒன்றை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வலி உடம்பில் மட்டும் இல்லை. ‘என் பிள்ளைகளை இனி யார் பார்ப்பார்கள்?’ என்பது வலி. ‘என் சிகிச்சைக்காக நிலத்தை விற்றுவிட்டார்களே’ என்பதும் வலி. ‘என்னைக் கண்டு எல்லாரும் முகம் திருப்புகிறார்களே’, ‘கடவுள் ஏன் என்னைக் கைவிட்டார்?’ என்பவையும் வலியே. உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கிலும் பரவி நிற்கும் இத்துன்பத்தை அவர் முழு வலி என்று அழைத்தார். மாத்திரை மட்டும் கொடுத்தால் கால் பங்கு வலிதான் போகும். ஆனால் மாத்திரை கொடுக்காமல் ஆறுதல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. வலியால் துடிப்பவரின் காதில் எந்த ஆறுதலும் ஏறாது.

நம் நாட்டில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நாம் அறிவோம். தம் தங்கை புற்றுநோயால் பட்ட துன்பத்தை நேரில் கண்டவர் அவர். அந்த நினைவே 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாயிற்று. குணப்படுத்தும் மருத்துவத்திற்கு அவ்வாறு வித்திடப்பட்டது. ஆனால் குணமாகாதவர்களுக்கென ஓர் இல்லம் இந்தியாவில் எழ மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1986-இல் மும்பை பாந்திராவில் டாக்டர் லூயிஸ் டி சூசா தொடங்கிய சாந்தி அவேத்னா ஆசிரமமே அது. அங்கும் அருட்சகோதரிகளே நோயாளரின் படுக்கையருகில் நின்றனர்.

நம் அண்டை மாநிலமான கேரளம் இன்னொரு வழியைக் காட்டியது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் சிறிய அளவில் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். நோயாளி மருத்துவமனைக்கு வர இயலாதபோது மருத்துவமனை அவர் வீட்டிற்குச் செல்லட்டும் என்று முடிவு செய்தனர். ஊர்தோறும் தொண்டர்கள் முன்வந்தனர். அவர்கள் எல்லாரும் மருத்துவர்கள் அல்லர். ஆசிரியர், கடைக்காரர், குடும்பத் தலைவி, மாணவர் எனப் பலதரப்பட்டவர்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. பயிற்சி பெற்ற செவிலியர் ஊராட்சிகளின் வாயிலாக வீடு வீடாகச் செல்லலாயினர். தமிழகத்திலும் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டிலேயே அளிக்கப்படும் ஆதரவுச் சிகிச்சை அதில் சேர்க்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் இப்படி ஒரு சிகிச்சை உண்டு என்பதையே அறியாத குடும்பங்கள் நம்மிடையே இன்னும் ஏராளம்.

மார்ஃபின் பற்றிய அச்சம்

கடும் வலிக்கு மார்ஃபின் சிறந்த மருந்து. அபினியிலிருந்து பெறப்படுவது. வாயால் விழுங்கும் மாத்திரையாகவே கொடுக்கலாம். வலி வந்த பின் அல்ல, வலி வருமுன்பே வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். சிசிலி அம்மையார் சூசையப்பர் இல்லத்தில் நிலைநாட்டிய முறை இதுவே. உலக நலவாழ்வு நிறுவனமும் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், சிறு வலிக்குச் சிறு மருந்து, அது போதாதபோது அடுத்தது, அதுவும் போதாதபோது மார்ஃபின் என்று மூன்று படிகளை வகுத்துக் கொடுத்தது.

மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் அனுமதியோடு அபினிச் செடி பயிரிடும் நாடு இந்தியா. ஆயினும் நம் நோயாளிகளுக்கு அம்மருந்து எளிதில் கிட்டவில்லை. போதைப்பொருளைத் தடுக்க 1985-இல் இயற்றப்பட்ட கடுமையான சட்டத்தால், பல உரிமங்களைப் பெறும் சிரமத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. வலியோடு போராடியவர்களுக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பின்னரே 2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது.

சட்டம் திருந்திவிட்டது. மனம் திருந்த வேண்டாமா? “மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்”, “அதைக் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்று கூறி வீட்டாரே மருந்தை மறுக்கிறார்கள். புற்றுநோய் வலிக்காக மருத்துவர் கணக்கிட்டுக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கு மருத்துவர் உடன் மருந்து தருவார். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கமும் இருக்கலாம். பெரும்பாலும் அவை தாமே அடங்கும். பல நாட்கள் உறங்காத ஒருவர் வலி தணிந்து உறங்கினால், ‘மருந்து மயக்கிவிட்டது’ என்று பதற வேண்டியதில்லை.

பக்தியுள்ளவர்கள் சிலர், ‘வலியைத் தாங்கிக்கொள்வதே புண்ணியம், மருந்தால் அதைத் தடுக்கலாமா?’ என்று தயங்குகிறார்கள். இவ்வினாவை மருத்துவர்கள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரிடமே கேட்டனர். 1957-இல் அவர் தெளிவான விடை அளித்தார். வேறு வழியில்லாதபோது, வலியைப் போக்கும் நோக்கத்தோடு இத்தகைய மருந்துகளைக் கொடுக்கலாம், அதனால் ஆயுள் குறையக்கூடும் என்று தெரிந்திருந்தாலும் அது தகும் என்பதே அவ்விடை. தம் துன்பத்தைத் தாமே விரும்பி ஒப்புக்கொடுப்பது ஒருவருடைய சொந்த உரிமை. பிறருடைய துன்பத்தை அவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் உரிமை நம்மில் எவர்க்கும் இல்லை.

உண்மையைச் சொல்வதா, மறைப்பதா?

நம் குடும்பங்களில் பெரும்பாலும் நோயாளியைத் தவிர மற்றெல்லாருக்கும் நோயின் பெயர் தெரியும். ‘அவரிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்’ என்று அன்பினால் மறைக்கிறோம். ஆனால் நோயாளிக்குத் தெரியாமலா இருக்கிறது? அறைக்குள் நுழையுமுன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் மனைவியையும், கதவுக்கு அப்பால் தாழும் குரல்களையும் அவர் கவனிக்காமலா இருப்பார்? அவரும் தெரியாதவர்போல் நடிக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டே கடைசி மாதங்களைக் கழிக்கிறார்கள். சொல்ல வேண்டிய சொல், கேட்க வேண்டிய மன்னிப்பு, எழுத வேண்டிய உயில், பெற வேண்டிய அருட்சாதனம் எல்லாம் நின்றுபோகின்றன.

அதற்காக உண்மையை ஒருவர்மீது தூக்கி எறிந்துவிடவும் கூடாது. எவ்வளவு அறிந்துகொள்ள அவர் விரும்புகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்ட அளவுக்குச் சொல்ல வேண்டும்; கேட்காததைத் திணிக்கக் கூடாது; கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. “எனக்கு நல்லாயிடுமா?” என்று ஒரு தாய் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று வாயடைப்பதைவிட, “உங்களுக்கு என்னம்மா பயமா இருக்கு? சொல்லுங்க” என்று அருகில் அமர்வது எவ்வளவோ மேல்.

படிப்பை விடும் மூத்த மகள்

இனி, நம் பள்ளிக்கு மிக அருகிலுள்ள செய்திக்கு வருகிறேன். ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தாய்க்கு முற்றிய புற்றுநோய். தந்தை நாட்கூலிக்குப் போகிறார். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு உலையேறாது. தம்பி சிறியவன். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள்தான் தாயைக் கழுவித் துடைத்து, கஞ்சி காய்ச்சி, இரவெல்லாம் விழித்திருக்கிறாள். முதலில் வாரத்தில் ஒரு நாள் வருகை குறைகிறது. பிறகு இரண்டு நாள். ஒரு நாள் அவளுடைய இடம் நிரந்தரமாகக் காலியாகிவிடுகிறது. ‘பாவம், குடும்பக் கஷ்டம்’ என்று நாமும் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம்.

அவள் தாயின் வலி தணிந்தால் அவளுக்கு இரவில் நான்கு மணி நேரமாவது உறக்கம் கிடைக்கும். செவிலியர் ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டிற்கு வந்தால், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று சொல்லித் தருவார். புண்ணிலிருந்து வரும் நாற்றத்தால் உறவினர் வாராதொழிந்தனர் என்றால், மெட்ரோநிடசோல் என்னும் விலை குறைந்த மாத்திரையைப் பொடித்து இட்டு அந்நாற்றத்தைப் பெரிதும் குறைக்கலாம் என்று அவர் காட்டித் தருவார். நாற்றம் குறைந்தால் உறவு திரும்பி வரும். உறவு வந்தால் மகள் பள்ளிக்குத் திரும்பலாம். ஒரு மாத்திரைக்கும் ஒரு பெண்ணின் படிப்புக்கும் இத்தகைய தொடர்பு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நோயாளியைப் பேணுவது பெண் பிள்ளையின் தலைவிதி என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அன்னைக்கு ஒரு வாய் தண்ணீர் ஊட்டுவது மகனுக்கும் பெருமையே. தந்தையரும் தமையன்மாரும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். பெற்றோருக்கு மேலும் ஒரு சொல்: ‘கடைசி முயற்சி’ என்று யாரோ சொல்லக் கேட்டு, இருக்கும் நகையையும் நிலத்தையும் விற்பதற்கு முன்னர், “இதனால் நோயாளிக்கு என்ன நன்மை? எத்தனை நாள் நன்மை?” என்று மருத்துவரிடம் துணிந்து கேளுங்கள். “வலிக்கு என்ன செய்யலாம்?” என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நாம் செய்யக்கூடியவை

மாணவியரே, நீங்கள் மருத்துவராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. நோயாளியின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை உங்கள் வீட்டிலும் தெருவிலும் நிறுத்துங்கள். நோயாளியைப் பார்க்கச் சென்றால், ‘எந்தப் பாவத்துக்கோ’ என்றும், ‘இன்னாருக்கும் இதே நோய்தான், மூன்றே மாதத்தில் போய்விட்டார்’ என்றும் பேசாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பேசாமல் இருங்கள். பல்லாங்குழி ஆடலாம், நாளிதழ் படித்துக் காட்டலாம், வறண்ட உதட்டைப் பஞ்சால் நனைக்கலாம். வகுப்பில் ஒரு தோழியின் வீட்டில் இத்தகைய துன்பம் என்று அறிந்தால், பாடக் குறிப்புகளை முறை வைத்து எழுதிக் கொடுங்கள். அவளைப் பரிதாபப் பார்வையால் தனிமைப்படுத்தாதீர்கள்.

பள்ளியாகவும் நாம் சிலவற்றைச் செய்யலாம். இத்தகைய மாணவியை வகுப்பாசிரியை முன்கூட்டியே கண்டறிந்தால், வருகைக் குறைவைக் காரணம் காட்டி அவளைத் தேர்விலிருந்து நிறுத்தும் நிலை வராமல் காக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர், ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் செவிலியரோடு, மூத்தோர் துணையுடன், மாதம் ஒரு நாள் வீடுகளுக்குச் சென்று வரலாம். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உலகெங்கும் ஆதரவுச் சிகிச்சை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் நம் ஊர் அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியரை அழைத்து, பெற்றோருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் போதும். இப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது என்னும் செய்தி சில நூறு வீடுகளுக்குப் போய்ச் சேரும். நம் அருட்சகோதரிகளின் முன்னோர் டப்ளினிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் தொடங்கியது மிகச் சிறிய அளவில்தான் என்பதை நினைவில் கொள்வோம்.

“செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று இனி யாரேனும் உங்களிடம் சொன்னால், தலையசைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். “வலிக்கு மருந்து எங்கே கிடைக்கும்? வீட்டிற்கு வந்து பார்க்கும் செவிலியர் இருக்கிறாரா?” என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளை இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு வீடும் மனத்தில் வைத்துக்கொண்டால், இக்கட்டுரை எழுதியதன் பயனை அடைந்துவிட்டதாகக் கருதுவேன்.